மாட்டுத்தாவணியிலிருந்து சிங்கப்பூருக்கு, லண்டன் வழியாக

காலை ஐந்தே முக்காலுக்குப் போன் வந்தது. பூ ஏற்றுமதி செய்கிற அண்ணன். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு சின்ன குடோன், அதில் நான்கு கம்ப்யூட்டர், எங்கள் இணைப்பு.

"தம்பி, நெட்டு இருக்கு, ஆனா இல்ல. பார்ட்டி பேரை அடிச்சா சுத்திக்கிட்டே கெடக்கு. பொட்டியெல்லாம் ஐஸ் போட்டுக் கட்டியாச்சு, பில்லு மட்டும் வரமாட்டேங்குது."

நான் மதுரையில் ஒரு சிறிய பிராட்பேண்ட் நிறுவனத்தில் நெட்வொர்க் பார்க்கிறவன். கேபிள் டிவி நடத்திக்கொண்டிருந்து இணையத்துக்கு மாறிய நிறுவனம். பிஜிபி (எந்த ஊருக்கு எந்த வழியில் போவது என்று நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்கிற முறை) பார்ப்பது நான்தான், மழையில் ஃபைபர் அறுந்தால் ஏணியைப் பிடிப்பதும் நான்தான்.

அண்ணன் சொன்னதும் முதலில் வழக்கமான சந்தேகம்தான் வந்தது: வைஃபை, இல்லையென்றால் வைரஸ். வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 94 எம்பிபிஎஸ் காட்டுகிறது. யூடியூப் துடிப்பாக ஓடுகிறது. அவருடைய பில்லிங் சாஃப்ட்வேர் மட்டும் மாட்டு வண்டி. அதன் சர்வர் எங்கே என்று கேட்டேன். சிங்கப்பூரில் பூ வாங்குகிற பார்ட்டிதான் அதை வைத்திருக்கிறார், அவர்கள் ஆர்டர் போட, இவர் இங்கிருந்து பெட்டிக் கணக்கை ஏற்றுவார். சர்வரும் சிங்கப்பூரில்தான்.

பிங் போட்டேன், ஒரு பாக்கெட் சர்வர் வரை போய்த் திரும்புகிற நேரத்தை அளக்க. 316 மில்லி விநாடி.

இந்த எண் ஏன் தப்பு என்று சொல்ல வேண்டும். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போய்த் திரும்ப வேண்டும் என்பதால் 100 கிலோமீட்டருக்கு ஒரு மில்லி விநாடி என்று வைத்துக்கொண்டால் கணக்கு சுலபம். மதுரையிலிருந்து சென்னைக்குச் சாலையில் 460 கிலோமீட்டர், ஃபைபர் வளைந்து நெளிந்து போவதையும் சேர்த்தால் எங்களுக்கு 9, 10 வரும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் நேர் கேபிள் உண்டு. 2002-ல் போட்ட ஐ2ஐ என்ற கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர், ஆக 32. இரண்டையும் கூட்டி, நடுவில் ரவுட்டர்கள் தின்பதையும் சேர்த்தால் 45-க்குள் முடிய வேண்டும். 316 என்றால் பாக்கெட் ஒரு பக்கத்துக்கு மட்டும் சுமார் 30,000 கிலோமீட்டர் சுற்றியிருக்கிறது.

316 பெரிய நேரமா என்று கேட்கலாம். வீடியோ பார்க்கிறவருக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் இந்த சாஃப்ட்வேர் ஒவ்வொரு கட்டத்துக்கும் சர்வரைக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த கட்டத்துக்கு நகரும் ரகம். டிசிபி இணைப்புக்கு ஒரு போக்குவரத்து, டிஎல்எஸ் பூட்டுக்கு ஒன்றோ இரண்டோ, அப்புறம் பெயருக்கு ஒன்று, கிலோவுக்கு ஒன்று, விலைக்கு ஒன்று. எண்ணிப் பார்த்தேன், ஒரு பெட்டியை ஏற்ற 22 முறை போய் வருகிறது. 45 மில்லி விநாடியில் ஒரு விநாடி. 316-ல் ஏழு விநாடி. அறுபது பெட்டிக்கு? லாரி வெளியே ஹாரன் அடிக்கிறது.

எம்டிஆர் போட்டேன், பாக்கெட் எந்தெந்த ரவுட்டர் வழியாகப் போகிறது என்று படிப்படியாகக் காட்டுகிற கருவி. முதல் இரண்டு படி எங்களுடையது, மூன்றாவது சென்னை, நான்காவது 34 மில்லி விநாடியில், ரவுட்டர் பெயரிலேயே மும்பை என்று எழுதியிருக்கிறது. ஐந்தாவதும் ஆறாவதும் வெறும் நட்சத்திரக் குறி. ஏழாவது படியின் பெயருக்குள் லண்டனைக் குறிக்கும் எழுத்துகள், 150-ஐத் தாண்டிவிட்டது. அதற்கடுத்து ஒரே தாவல், சிங்கப்பூர், 316.

மல்லிகைக் கணக்கு மதுரையில் ஏறி, மும்பை போய், செங்கடல் வழியாக ஐரோப்பா போய், லண்டனில் கை மாறி, மறுபடி ஆசியாவுக்குத் திரும்பி வந்து சிங்கப்பூரில் இறங்குகிறது. (நட்சத்திரத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பல ரவுட்டர்கள் பிங்குக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாக வைத்திருக்கும், சில பதிலே சொல்லாது. கடைசிப் படியில் இழப்பு இல்லை என்றால் நடுவில் காட்டுகிற இழப்பு பொய். இது தெரியாமல் நானே ஒரு காலத்தில் மேல் நிறுவனத்தோடு சண்டை போட்டிருக்கிறேன்.)

அறைக்குத் திரும்பி யோசித்தால், போன வாரம் என்ன மாறியது என்பது நினைவுக்கு வந்துவிட்டது. மாற்றியதே நான்தான்.

எங்களுக்கு இணையம் விற்கும் மேல் நிறுவனம் பல வருடமாக ஒன்றுதான். போன மாதம் இன்னொரு பெரிய நிறுவனத்தின் ஆள் வந்து முதலாளியிடம் நான்கில் ஒரு பங்கு குறைத்து ரேட் சொன்னார். எடுத்தோம். பழையதை அப்படியே சின்ன அளவில் வைத்துக்கொண்டு, புதியதைப் பெரிய குழாயாகப் போட்டோம். குறைந்த காசு வழியில் முடிந்தவரை எல்லாம் போகட்டும் என்று புதிய இணைப்புக்கு லோக்கல் பிரிஃபரன்ஸை (எண் பெரிதாக இருக்கிற வழிக்கே முன்னுரிமை) 200 ஆக்கினேன், பழையதற்கு 100. எங்கள் மைக்ரோடிக் ரவுட்டரில் ஒரே வரி. அந்த ஒரு வரிதான் பூவை லண்டனுக்கு அனுப்பியது.

பிஜிபிக்கு வரைபடம் தெரியாது என்பதை இங்கே விளக்க வேண்டும். அது மில்லி விநாடியையும் பார்க்காது, கிலோமீட்டரையும் பார்க்காது. ஒரு ஊருக்கு இரண்டு வழி கிடைத்தால் முதலில் லோக்கல் பிரிஃபரன்ஸ் என்ற எண்ணைப் பார்க்கும். அதை எழுதுவது அந்தந்த நிறுவனம். எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் எழுதுவார்கள்: எனக்குக் காசு தருகிற வாடிக்கையாளர் வழி முதலில், காசில்லாமல் மாற்றிக்கொள்கிற பீரிங் வழி அடுத்து, நான் காசு கொடுக்கிற வழி கடைசியில். இதெல்லாம் சமமானால்தான் நடுவில் எத்தனை நெட்வொர்க் என்று எண்ணும். தூரம் அந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. ரவுட்டர் பார்ப்பது கல்லாப் பெட்டியைத்தான்.

சரி, இவர்கள் ஏன் லண்டனில் போய்ச் சந்திக்க வேண்டும்? எங்கள் புதிய மேல் நிறுவனமும் சிங்கப்பூர் சர்வருக்கு இணையம் கொடுக்கிற நிறுவனமும் பீரிங் வைத்திருக்கிறார்கள், ஆனால் லண்டனில் மட்டும். இரண்டு பேருடைய பீரிங்டிபி பக்கத்தையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். (2004-லிருந்து நெட்வொர்க்காரர்கள் தாங்களே எழுதிவைக்கும் பொது ஏடு அது, யார் எந்த ஊரில், எந்தக் கட்டடத்தில் இருக்கிறார்கள் என்று எல்லாம் கிடைக்கும்.) சென்னையில் அந்த சிங்கப்பூர் நிறுவனம் இல்லை. சிங்கப்பூரில் எங்கள் நிறுவனம் இருக்கிறது, ஆனால் அங்கே இவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

இதில் வியாபாரம் இருக்கிறது. பெரிய நிறுவனம் எந்த ஊரில் நல்ல விலைக்கு இணையம் விற்க முடியுமோ அந்த ஊரில் இலவசமாகப் பீரிங் தராது. விற்கிற சரக்கை யார் சும்மா கொடுப்பார்கள்? விலை தரைக்கு வந்துவிட்ட இடத்தில்தான், லண்டன், ஆம்ஸ்டர்டாம், ஃபிராங்க்பர்ட் மாதிரி, "இங்கே வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம்" என்பார்கள். அங்கே இழக்க ஒன்றுமில்லை. அதனால் ஆசியாவின் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் ஐரோப்பாவில் போய்க் கைகுலுக்குகிறார்கள்.

கைகுலுக்கல் என்று சும்மா சொல்லவில்லை. பேக்கெட் கிளியரிங் ஹவுஸ் என்ற அமைப்பு 2011-ல் கணக்கெடுத்தபோது, 1,42,000-க்கும் மேற்பட்ட பீரிங் உறவுகளில் 99.5 சதவீதத்துக்கு எழுத்து ஒப்பந்தமே கிடையாது. வாய்க்கணக்கு. பூ மார்க்கெட்டில் கமிஷன் கடைக்காரரும் விவசாயியும் நடத்துவதைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. அதே நேரம், பேச்சு முறிந்தால் வருடக்கணக்கில் முறிந்தே கிடக்கும். ஹரிகேன் எலக்ட்ரிக் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் 2009-ல் கோஜென்ட் என்ற இன்னொரு நிறுவனத்திடம் ஐபிவி6 (புதிய வகை இணைய முகவரி) பீரிங் கேட்டு, ஒரு கேக்கில் வேண்டுகோளை எழுதிப் பொதுவில் வைத்தது. கேக்கைத் தின்றார்கள், பீரிங் கிடைக்கவில்லை.

இனி ரிப்பேர்.

முதல் வேலை சுலபம். சிங்கப்பூர் நிறுவனத்தின் ஏஎஸ் எண்ணில் (ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் உள்ள அடையாள எண்) முடிகிற வழிகளுக்கு மட்டும் பழைய இணைப்பில் லோக்கல் பிரிஃபரன்ஸை 300 ஆக்கினேன். பழைய நிறுவனம் சென்னையிலிருந்து நேராகச் சிங்கப்பூர் போகும். எம்டிஆர் போட்டால் அழகாக மூன்றாம் படி சென்னை, ஐந்தாம் படி சிங்கப்பூர். லண்டன் காணோம். ஆனால் நேரம்? 180.

இந்த இடத்தில்தான் பலர் கேபிளைத் திட்ட ஆரம்பிப்பார்கள். எம்டிஆர் காட்டுவது போகிற வழியை மட்டும். திரும்பி வருகிற வழியை அது காட்டாது, நேரத்தில் மட்டும் சேர்த்துவிடும். 316 பாதியாகக் குறையாமல் 180-ல் நின்றதைக் கணக்குப் போட்டேன்: லண்டன் சுற்று ஒரு பக்கத்துக்கு 158, நேர்வழி ஒரு பக்கத்துக்கு 22. கூட்டினால் 180. கச்சிதம். போகிற பூ நேராகப் போகிறது, வருகிற பதில் இன்னும் லண்டனில்தான் சுற்றுகிறது.

அந்த சிங்கப்பூர் நிறுவனம் லுக்கிங் கிளாஸ் என்று ஒரு பொதுப் பக்கம் வைத்திருக்கிறது. அவர்களுடைய ரவுட்டர் எங்கள் முகவரியை எந்த வழியில் பார்க்கிறது என்று அங்கே கேட்கலாம். கேட்டேன். இரண்டு வழியும் தெரிகிறது. பழைய நிறுவனம் வழியாக வருவது அவர்கள் காசு கொடுக்கிற வழி. புதியது லண்டன் பீரிங், இலவசம். அவர்களும் கல்லாவைத்தான் பார்க்கிறார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபமே வரவில்லை, நான் செய்ததையேதான் அவர்களும் செய்திருக்கிறார்கள்.

என் வீட்டு வாசலிலிருந்து எந்தப் பக்கம் கிளம்புவது என்பது என் இஷ்டம். அடுத்தவன் என் வீட்டுக்கு எந்தத் தெருவில் வருவது என்பது அவன் இஷ்டம். கெஞ்சலாம், அவ்வளவுதான். பிஜிபியில் கெஞ்சுவதற்கு முதல் வழி ப்ரீபெண்ட்: புதிய இணைப்பில் எங்கள் ஏஎஸ் எண்ணை மூன்று தடவை திரும்பத் திரும்பச் சொல்லி, இந்த வழி நீளம் என்று காட்டுவது. போட்டேன். அரை மணி நேரம் காத்திருந்தேன். 180. அப்புறம்தான் தலையில் அடித்துக்கொண்டேன். நீளம் பார்ப்பது லோக்கல் பிரிஃபரன்ஸுக்கு அப்புறம். அவன் இலவச வழியை ஏற்கெனவே மேலே வைத்துவிட்டான், நான் ஐம்பது தடவை எண்ணைச் சொன்னாலும் அவன் காதில் விழாது.

புதிய நிறுவனத்துக்கு மெயில் போட்டேன்: எங்கள் முகவரிகளை அந்த ஒரு பீரிடம் மட்டும் அறிவிக்காமல் இருக்க ஏதாவது கம்யூனிட்டி எண் (அறிவிப்போடு ஒட்டி அனுப்புகிற குறிப்பு எண்) இருக்கிறதா என்று. பெரிய நிறுவனங்கள் பல இதற்கென்று எண் பட்டியலே வைத்திருக்கும். மூன்றாவது மெயிலுக்குப் பதில் வந்தது: உங்கள் பிளானில் அந்த வசதி இல்லை. நான்கில் ஒரு பங்கு குறைத்தது எங்கேயிருந்து என்று அப்போது புரிந்தது.

மிச்சம் இருந்தது ஒரே ஆயுதம். பிஜிபியில் எல்லா விருப்பு வெறுப்புக்கும் மேலே ஒரு விதி: குறிப்பான முகவரி, அதாவது சின்னத் துண்டாக அறிவித்தது, எப்போதும் ஜெயிக்கும். எங்களிடம் இருப்பது 1,024 முகவரிகள் கொண்ட ஸ்லாஷ் 22. அதில் ஒரு கால்பகுதியை, 256 முகவரிகளை, ஸ்லாஷ் 24 ஆகப் பிரித்துப் பழைய இணைப்பில் மட்டும் அறிவித்தால், உலகமே அந்த 256-க்குப் பழைய வழியில்தான் வரும். இலவசமோ இல்லையோ. அதைவிடச் சிறிதாக நறுக்கினால் பெரும்பாலானவர்கள் ஏற்கமாட்டார்கள்.

எனக்கு இதில் கொஞ்சம் குற்ற உணர்ச்சி உண்டு. உலகத்தில் உள்ள ஒவ்வொரு பெரிய ரவுட்டரும் எங்கள் ஒரு பூக்கடைக்காகக் கூடுதலாக ஒரு வரியைச் சுமக்க வேண்டும். இப்படி ஆளாளுக்கு நறுக்கித்தான் ஐபிவி4 (பழைய வகை முகவரி) வழிப் பட்டியல் சுமார் பத்து லட்சம் வரிக்கு வந்து நிற்கிறது. 2014 ஆகஸ்ட் 12 அன்று அது 5,12,000-ஐத் தாண்டியபோது, அவ்வளவுதான் இடம் என்று செட் செய்யப்பட்டிருந்த பழைய ரவுட்டர்கள் உலகம் முழுக்கத் திணறின. இருந்தாலும் லாரி நிற்கிறது, அறிவித்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. 180.

அரை மணி, முக்கால் மணி. லுக்கிங் கிளாஸில் புது வரியே தெரியவில்லை. டீக்கடைக்குப் போய் உட்கார்ந்து பாதி டீயில் நினைவுக்கு வந்தது: ஆர்ஓஏ. எங்கள் முகவரிகளை யார் அறிவிக்கலாம், எவ்வளவு சிறிதாக நறுக்கலாம் என்று ஐரினில் (இந்தியாவில் இணைய முகவரிகளைப் பதிகிற அமைப்பு) கையெழுத்திட்டு வைத்திருக்கிற பத்திரம். போன வருடம் நான்தான் போட்டேன், அதிகபட்ச நீளம் 22 என்று. ஆகவே என் ஸ்லாஷ் 24 என் பத்திரத்தின்படியே செல்லாது. கண்டிப்பான நெட்வொர்க்குகள் அதைத் திருட்டு என்று நினைத்து வாசலிலேயே தள்ளிவிட்டிருக்கின்றன. அவர்கள் செய்தது சரி. அந்த ஒரு ஸ்லாஷ் 24-க்கு மட்டும் தனியாக இன்னொரு ஆர்ஓஏ போட்டேன். மொத்தத்துக்கும் 24 வரை அனுமதி என்று தாராளமாக எழுதிவைப்பது சோம்பேறித்தனம், வேறு யாராவது நம் பெயரில் நறுக்கவும் அது இடம் கொடுக்கும்.

சுமார் ஒரு மணி நேரம் கழித்து பிங் திரையில் 180, 180, 180, அப்புறம் 45. இந்த மாதிரி ஒரு எண் மாறுவதைப் பார்க்க நாள் முழுக்க உட்காரலாம்.

ஆனால் வேலை முடியவில்லை. அன்று இரவு எட்டு மணிக்குப் பழைய இணைப்பின் கிராஃப் மலை ஏறிவிட்டது. நான் எடுத்த அந்தக் கால்பகுதிக்குப் பின்னால் அண்ணன் மட்டுமா இருக்கிறார், வில்லாபுரம் பக்கத்து நூற்றுக்கணக்கான வீடுகளும் இருக்கின்றன. அவர்களுடைய சாயங்கால சீரியலும் கிரிக்கெட்டும் விலை கூடின குழாயில் இறங்குகின்றன.

இதற்கு பில் போடும் முறை தெரிய வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அளவெடுப்பார்கள், 30 நாளில் 8,640 அளவு. பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, மேலே உள்ள 5 சதவீதத்தை, அதாவது 432 அளவுகளை, தள்ளிவிடுவார்கள். அடுத்து நிற்கிற அளவுக்குத்தான் மாசம் முழுக்கக் காசு. தள்ளுபடி ஆவது மொத்தம் 36 மணி நேரம். தினமும் இரவு நான்கு மணி நேரம் உச்சத்துக்குப் போனால் ஒன்பதே நாளில் தள்ளுபடி தீர்ந்துவிடும். பகல் முழுக்கக் குழாய் காலியாகக் கிடந்தாலும் பில் இரவு உச்சத்துக்குத்தான்.

முதலாளி கிராஃபைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அது பேசுவதைவிட மோசம்.

மறுநாள் இரவு ஒரு மணிக்கு உட்கார்ந்து மாற்றினேன். அந்த 256-லிருந்து வீடுகளை எல்லாம் வேறு பகுதிக்கு நகர்த்தி, ஏற்றுமதிக்காரர்கள், ஒரு ஸ்கேன் சென்டர், வீட்டிலிருந்து வெளிநாட்டு வேலை பார்க்கிறவர்கள் என்று நேரம் முக்கியமான நாற்பது பேரை அங்கே கொண்டுவந்தேன். ஸ்டாடிக் ஐபி மாறியதில் இரண்டு கடைகளின் சிசிடிவி செத்துப்போய், காலையில் அதற்கும் திட்டு வாங்கினேன். கிராஃப் படுத்துவிட்டது.

வீடுகளுக்கு லண்டனும் தெரியாது, சிங்கப்பூரும் தெரியாது. அவர்கள் பார்க்கும் வீடியோவில் பெரும்பகுதி நாட்டை விட்டு வெளியே போவதே இல்லை. கூகுள், மெட்டா, நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் சென்னையிலோ மேல் நிறுவனத்தின் அறையிலோ சர்வர் வைத்துவிட்டார்கள், பீரிங்கும் சென்னையிலேயே கிடைக்கிறது. 2003-ல் நிக்ஸி (நாட்டுக்குள்ளேயே நெட்வொர்க்குகள் டிராஃபிக் மாற்றிக்கொள்கிற மையம்) ஆரம்பித்ததே உள்ளூர் டிராஃபிக் வெளிநாடு சுற்றக்கூடாது என்பதற்காகத்தான். ஆகவே மேல் நிறுவனம் ரேட் குறைக்கும்போது முதலில் சிக்கனம் பிடிப்பது கடல் தாண்டுகிற கொஞ்சூண்டு டிராஃபிக்கில். ஒரு மல்லிகை பில் எத்தனை கிலோபைட்? அதற்காக யார் சிங்கப்பூரில் போர்ட் வாங்குவார்கள்?

ஒரு ஆசைக்குக் கொழும்புக்கும் பிங் போட்டுப் பார்த்தேன். காகம் பறக்கிற தூரத்தில் மதுரைக்குச் சென்னையைவிடக் கொழும்பு கிட்டம். தூத்துக்குடியிலிருந்து கொழும்பு பக்கம் மவுண்ட் லவினியாவுக்கு 2006-லேயே 300 சொச்சம் கிலோமீட்டர் கேபிள் போட்டார்கள். தூத்துக்குடி நமக்கு இரண்டரை மணி நேரம். நேராகப் போனால் 6 வர வேண்டும். எனக்கு வந்தது 88, சிங்கப்பூர் வழி. கேபிள் பக்கத்தில் இருப்பது வேறு, நான் காசு கொடுக்கிற ஆளுக்கு அதில் இடம் இருப்பது வேறு. கொழும்பில் சர்வர் வைத்திருக்கிற வாடிக்கையாளர் யாரும் இதுவரை போன் செய்யவில்லை, அதனால் விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை அண்ணன் குடோனுக்குப் போனேன். பில் டக்கு டக்கென்று ஏறுகிறது. என்னதான் ஆச்சு என்று கேட்டார். லண்டனில் போய்த் திரும்பினதைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"இதுல என்னப்பா இருக்கு. நேத்து என் பூவு திருச்சி போயி ஏறுச்சு. பெருங்குடியில நமக்கு ஏர்போர்ட் இல்லையா? அங்க ரேட்டு படிஞ்சுச்சு, எடம் கெடச்சுச்சு, போயிருச்சு. பூவுக்குத் தெரியுமா எந்த ஊரு வழியாப் போறோம்னு?" ஐஸ் பெட்டியின் மூடியை அழுத்தி டேப் ஒட்டிக்கொண்டே, "ஆனா வாடாமப் போகணும்" என்றார். அப்புறம், "அடுத்த மாசம் வேற எவனாவது ரேட்டு கொறச்சா மறுபடி லண்டனா தம்பி?"

அதற்காக ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அவருடைய சர்வருக்கு பிங் போடும், 80-ஐத் தாண்டினால் என் போன் அலறும். நேற்று அதிகாலை 3.10-க்கு அலறியது. 112. எழுந்து லேப்டாப்பைத் திறந்து, எம்டிஆர் போட்டு, எந்தப் படி என்று பார்ப்பதற்குள் தானாக 45-க்கு வந்துவிட்டது. கடலுக்குள் யாரோ ஏதோ வேலை பார்த்திருக்கிறார்கள். மூடிவிட்டுப் படுத்தேன்.